பழைய ராணுவ போல்ட் ரைஃபிள்களை எப்படிச் சுட்டு ஒப்பிடுவது?

கேள்வி சுருக்கமாக இது: மவுசர், லீ-என்ஃபீல்ட், மோசின்-நகாந்த் மூன்றையும் ஒரே நாளில் ரேஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சுட்டால் எது ஜெயிக்கும்? உலகப் போர்க் காலத்து போல்ட் ரைஃபிள்களில் (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட் என்ற தண்டைக் கையால் இழுத்துத் தள்ளி இயக்குபவை) உண்மையிலேயே சிறந்தது எது?

நூறு மீட்டரில் இலக்கை வைத்து க்ரூப் (அதாவது குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்பதை) அளந்தால், குழல் கெடாமல் இருக்கும் ரைஃபிள் ஜெயிக்கும். அது எந்த நாட்டுடையது என்பது இரண்டாம்பட்சம். இவை எல்லாமே எழுபது, எண்பது வருடம் பழையவை. சில நூற்றைத் தாண்டியவை. போருக்குப் போய்ச் சேற்றில் கிடந்தவை உண்டு, பட்டறையில் வேறொரு துப்பாக்கியின் போல்ட் மாட்டப்பட்டவை உண்டு, வாயிலிருந்து கம்பியை விட்டுத் துடைத்துத் துடைத்தே குழல்வாய் அகன்றுபோனவையும் உண்டு. தேய்ந்த மோசின் ஒன்றையும் புதுக்கருக்கு அழியாத மவுசர் ஒன்றையும் பக்கத்தில் வைத்துச் சுட்டுவிட்டு, வடிவமைப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. வடிவமைப்பின் வித்தியாசம் இலக்கில் தெரிவதைவிடக் கையில்தான் அதிகம் தெரியும். ஆகவே இயக்கும் விதத்தைத் தனியாகவும் துல்லியத்தைத் தனியாகவும் ஒப்பிடுங்கள். இரண்டையும் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதலில் இயக்கம். லீ-என்ஃபீல்டில் போல்ட்டைப் பூட்டும் லக்குகள் (துருத்தி நிற்கும் முட்டுகள்) பின்பக்கம் இருக்கின்றன. அதனால் போல்ட் பின்னால் வரவேண்டிய தூரம் குறைவு. கைப்பிடியைத் தூக்க வேண்டிய கோணமும் ஏறத்தாழ 60 டிகிரிதான். மவுசரில் அது 90 டிகிரி. இன்னொரு வித்தியாசம், அடிக்கும் ஊசியின் ஸ்பிரிங் எப்போது இறுகுகிறது என்பது. லீ-என்ஃபீல்டில் போல்ட்டை முன்னால் தள்ளும்போது இறுகும். மவுசர் 98-இல் கைப்பிடியைத் தூக்கும்போதே இறுகும். சும்மா மேசையில் வைத்து இழுத்துப் பார்த்தால் மவுசர்தான் வழுவழுப்பாகத் தோன்றும், லீ-என்ஃபீல்ட் கடைசி ஓர் அங்குலத்தில் முரண்டு பிடிப்பதுபோல் இருக்கும். தோளில் வைத்து வேகமாகச் சுட ஆரம்பித்தால் கதை மாறிவிடும். தூக்குவது லேசாக இருப்பதால் ரைஃபிள் தோளில் ஆடுவதில்லை. தள்ளும்போது உடம்பின் பலமே அந்த ஸ்பிரிங்கை இறுக்கிவிடுகிறது. கைப்பிடி உருண்டை விசைக்குச் சற்றுப் பின்னால், கை இருக்கும் இடத்திலேயே வந்து நிற்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதைப் பிடித்தபடியே இருக்க, நடுவிரலால் விசையை இழுப்பவர்களும் உண்டு.

இதோடு பத்துத் தோட்டா மேகசின். ஐந்து ஐந்தாகத் தோட்டாக்களைக் கோத்துவைத்த உலோகப் பட்டைகளான சார்ஜர் கிளிப் இரண்டில் அழுத்தி நிரப்பலாம். 1914-க்கு முன்பு பிரிட்டிஷ் ராணுவம் தன் காலாட்படையை 300 கஜத்தில் ஒரு நிமிடத்தில் 15 குண்டுகளைக் குறிபார்த்துச் சுடப் பழக்கியது. 'மேட் மினிட்' என்று பின்னால் பெயர் பெற்றது அந்தப் பயிற்சிதான். இதை மவுசரில் செய்ய முடியாது என்றில்லை. ஆனால் ஐந்து சுட்டதும் நிறுத்தி நிரப்ப வேண்டும், ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் கன்னம் கட்டையிலிருந்து விலகும். அந்தத் தடங்கல்கள்தான் வேகத்தைத் தின்னும்.

லீ-என்ஃபீல்டில் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். .303 தோட்டாவின் அடியில் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் இருந்தால்தான் வழுக்கிக்கொண்டு போகும். மாறி உட்கார்ந்துவிட்டால் ஒன்றையொன்று கொக்கிபோட்டுக்கொண்டு அடைத்துக்கொள்ளும். கையால் ஒவ்வொன்றாக நிரப்புகிறவர்கள் இதை விட்டுவிட்டு, 'இந்த ரைஃபிள் அடிக்கடி சிக்குது' என்று குறை சொல்வதைப் பார்த்திருக்கிறேன். மேகசினில் வைக்கும்போது விளிம்பைக் கண்ணால் பார்த்து வைத்தால் போதும்.

மவுசர் 98-இன் பெருமை வேகத்தில் இல்லை, நம்பகத்தில் இருக்கிறது. 1898-இல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்ட இந்த வடிவத்தில், போல்ட்டின் பக்கவாட்டில் நீளமான ஒரு நகம் இருக்கும். போல்ட் திரும்பினாலும் அது திரும்பாது. தோட்டா மேகசினிலிருந்து மேலெழும்பும்போதே அதன் அடிப்பள்ளத்தை இந்த நகம் பற்றிக்கொள்ளும். சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) போய் வெளியே வரும்வரை விடாது. போல்ட்டைப் பாதி தள்ளிவிட்டுப் பதற்றத்தில் மறுபடி இழுத்தாலும் இரண்டு தோட்டாக்கள் முட்டிக்கொள்ளாது. இதைச் சுடாமலேயே பார்க்கலாம். போலித் தோட்டா ஒன்றை மேகசினில் வைத்து, மூடியைத் திறப்பதுபோல அவ்வளவு மெதுவாகப் போல்ட்டைத் தள்ளிப் பக்கத்திலிருந்து பாருங்கள்: தோட்டாவின் பின்பகுதி கீழிருந்து வழுக்கி ஏறி நகத்துக்கு அடியில் புகுந்து நிற்பது அப்படியே தெரியும். முன்னால் இரண்டு பெரிய லக்குகள், பின்னால் காப்புக்காக மூன்றாவது லக். தோட்டாவின் கூடு கிழிந்து வாயு பின்னால் பாய்ந்தால், அதைத் திசைதிருப்பப் போல்ட்டின் உடலில் துளைகள், பின்னால் ஒரு தடுப்பு விளிம்பு. சுடுகிறவனின் கண்ணைப் பற்றி யோசித்துச் செய்த துப்பாக்கி இது. இன்றைய பெரிய வேட்டை ரைஃபிள்கள் பலவற்றில் இதே நகத்தைப் பார்க்கலாம்.

மவுசரின் பலவீனம் அதன் குறிகள். பின்குறி குழலின் மேல், கண்ணிலிருந்து தள்ளி இருக்கிறது. வி வடிவ வெட்டுக்குள் கூரான முன்குறியை நிறுத்த வேண்டும். வயது ஏறிய கண்ணுக்கு இது கஷ்டம். அதோடு, முதல் போர்க்காலத்து நீள மவுசரான கெவேர் 98-இன் பின்குறி 400 மீட்டருக்குக் கீழே இறங்காது. நூறு மீட்டரில் சுட்டால் குண்டு நன்றாகவே மேலே போய் விழும். ரைஃபிள் கெட்டுவிட்டது என்று நினைத்து முன்குறியை அரத்தால் தேய்த்துவிடாதீர்கள் (தேய்த்தால் இன்னும் மேலேதான் போகும்). குறியைக் கீழே பிடித்துச் சுட்டு க்ரூப்பை மட்டும் அளங்கள். 1935-இல் வந்த குட்டையான மவுசரான காராபினர் 98கே-யில் இது 100 மீட்டரிலிருந்து தொடங்குகிறது.

இந்த இடத்தில் லீ-என்ஃபீல்ட் நம்பர் 4-ஐப் பாராட்டியே ஆக வேண்டும். அதன் பின்குறி சிறு துளை. கண்ணுக்கு அருகில், ரிசீவரின் (போல்ட் ஓடும் உலோகக் கூடு) கடைக்கோடியில் இருக்கிறது. கண் தானாகவே துளையின் நடுவைத் தேடிக்கொள்ளும், முன்குறியை மட்டும் கவனித்தால் போதும். இரண்டு குறிகளுக்கும் இடையே உள்ள தூரமும் அதிகம் என்பதால் பிழை குறையும். அமெரிக்க எம்1917-இலும் இதே வசதி உண்டு. அந்த ஒரு காரணத்துக்காகவே, வடிவத்தில் இவற்றைவிட நுட்பமான ரைஃபிள்களைச் சுமாராகச் சுடுகிறவர்கள்கூட இந்த இரண்டிலும் நல்ல க்ரூப் போட்டுவிடுகிறார்கள்.

மோசின்-நகாந்த் பற்றி நிறைய ஏளனம் கேட்டிருப்பீர்கள். அதில் பாதி நியாயமில்லை. 1891-இல் வந்த துப்பாக்கி அது. குட்டையான நேர்க் கைப்பிடி, பிடிக்க வாகாக இல்லைதான். சேஃப்டி போட வேண்டுமானால் பின்னால் இருக்கும் குமிழை ஸ்பிரிங்குக்கு எதிராக இழுத்துத் திருப்ப வேண்டும். கையில் நல்ல பலம் வேண்டும். இதெல்லாம் உண்மை. ஆனால் 'சுட்டதும் போல்ட் இறுகிவிடுகிறது, உள்ளங்கையால் அடித்துத்தான் திறக்க வேண்டியிருக்கிறது' என்ற பெரும்பாலான புகாருக்குக் காரணம் வடிவமைப்பு இல்லை. கிடங்கில் வைக்கும்போது பூசிய கெட்டிக் கிரீஸ் சேம்பரின் சுவரில் காய்ந்து படிந்திருக்கும். குழலைத் துடைப்பவர்கள் சேம்பரை விட்டுவிடுவார்கள். சில குண்டுகள் சுட்டு உள்ளே சூடானதும் அந்தப் பசை இளகித் தோட்டாக்கூட்டைப் பிடித்துக்கொள்ளும். சேம்பருக்குச் சரியான அளவு பிரஷ்ஷில் கரைப்பானைத் தோய்த்து, பின்பக்கமிருந்து நன்றாகச் சுழற்றித் தேயுங்கள். துணியில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை விடாதீர்கள். அதற்கப்புறம் போல்ட்டை இழுத்துப் பார்த்தால் வேறு துப்பாக்கி மாதிரி இருக்கும்.

சோவியத் 91/30 மோசின் ரைஃபிள்கள் பயனெட் மாட்டிய நிலையில் குறி சரிசெய்யப்பட்டவை என்பதையும் மறக்கக்கூடாது. பயனெட் இல்லாமல் சுட்டால் குண்டு விலகி விழுவது இயல்பு. ஒப்பீட்டின்போது அந்த விலகலைத் துல்லியக் குறைவு என்று கணக்கில் எடுக்காதீர்கள்.

துல்லியத்தை முடிவு செய்வது வடிவமைப்பைவிடக் குழலும் பொருத்தமும் என்று நான் சொல்வதற்கு மோசினே நல்ல சாட்சி. ஃபின்லாந்துக்காரர்கள் ரஷ்ய ரிசீவர்களையே எடுத்து, நல்ல குழல், கெட்டியான மரக்கட்டை, தெளிவான குறிகள், சீரான விசை என்று மாற்றி எம்/28-30, எம்39 ஆகியவற்றைச் செய்தார்கள். போல்ட் அதே பழைய போல்ட்தான். 1939–40-இல் சோவியத்துடன் நடந்த குளிர்காலப் போரில் ஃபின்லாந்து ஸ்னைப்பர் சிமோ ஹைஹா பயன்படுத்தியது எம்/28-30, அதுவும் தொலைநோக்கி இல்லாமல். நல்ல எம்39 ஒன்றைச் சுட்டுப் பார்த்தவர்கள் மோசினைக் கேலி செய்வதை விட்டுவிடுவார்கள்.

காகிதத்தில் ஜெயிப்பது யார் என்று மட்டும் கேட்டால், நீங்கள் சொன்ன மூன்றையும் விட்டு வெளியே போக வேண்டும். சுவீடனின் எம்96 மவுசர், சுவிட்சர்லாந்தின் கே31 ஆகிய இரண்டும்தான் பெரும்பாலும் முன்னால் நிற்கும். இரண்டும் போரில் இறங்காத நாடுகளின் துப்பாக்கிகள். அவசரத்தில் செய்யப்படவில்லை, ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டன, நல்ல தோட்டாவும் இருந்தது. சுவீடனின் 6.5×55 தோளில் மெதுவாகத்தான் உதைக்கும். நாள் முழுக்கச் சுடலாம். கே31-இல் கைப்பிடியைத் தூக்கவே வேண்டாம், நேராகப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் போதும். விசை ஒரே இடத்தில் நின்று, சுத்தமாக உடையும். சுவிஸ் ராணுவத்தின் ஜிபி11 தோட்டாவுடன் சுட்டால் தொழிற்சாலை வேலைப்பாட்டின் தரம் க்ரூப்பில் தெரியும். ஆனால் எம்96-இல் 98-இன் மூன்றாவது லக் கிடையாது. மருந்தைக் கூட்டி வேகம் பார்க்கும் ஆசை இதில் வேண்டாம்.

ரேஞ்சில் ஜெயிப்பதும் போரில் ஜெயிப்பதும் வேறு என்பதற்கு கனடாவின் ராஸ் ரைஃபிள் உதாரணம். இலக்குப் போட்டியில் அருமையான பெயர் எடுத்தது. முதல் உலகப் போரின் சேற்றுக் குழிகளில் போல்ட் சிக்கிக்கொண்டு வீரர்கள் தவித்தார்கள். 1916-இல் அதைப் படையிலிருந்து எடுத்துவிட்டு லீ-என்ஃபீல்ட் கொடுத்தார்கள். குறிபார்த்து ஒற்றைக் குண்டு சுடும் ஸ்னைப்பர்கள் மட்டும் ராஸை விடாமல் வைத்திருந்தார்கள். இன்று யாராவது ராஸ் மார்க் 3-ஐக் கையில் கொடுத்தால், விவரம் தெரிந்த துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் சுடாதீர்கள். அதன் போல்ட்டைக் கழற்றித் தப்பாகக் கோத்துவிட முடியும். பூட்டாமலேயே சுடும், போல்ட் முகத்துக்கு வரும்.

இப்படி எச்சரிக்கை வேண்டியவை இன்னும் உண்டு. அமெரிக்க ஸ்பிரிங்ஃபீல்ட் 1903 ரைஃபிள்களில், ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி செய்தவற்றில் 800,000-க்குக் கீழான எண்கள், ராக் ஐலண்ட் செய்தவற்றில் 285,507-க்குக் கீழான எண்கள் பழைய முறையில் சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டவை. சில ரிசீவர்கள் நொறுங்கியிருக்கின்றன. அவற்றைச் சுவரில் மாட்டி ரசிக்கலாம், சுட வேண்டாம். ஜப்பானின் அரிசாகா டைப் 99-இன் ரிசீவர் மிகவும் உறுதியானது, குழலின் உட்புறம் குரோமியம் பூசியதும் உண்டு. ஆனால் பார்க்க அரிசாகா போலவே இருக்கும் பயிற்சித் துப்பாக்கிகள் வெற்றுத் தோட்டாவுக்காக மட்டும் செய்யப்பட்டவை. உள்ளே முறுக்குப் பள்ளம் இருக்காது. நிஜத் தோட்டா போட்டால் ஆபத்து.

சரி, துல்லிய ஒப்பீட்டுக்கு வருவோம். முதல் வேலை தோட்டா. '8 மி.மீ. மவுசர்' என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு அளவு உண்டு: 1888 காலத்துப் பழைய குண்டு 8.08 மி.மீ., இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கூர்முனைக் குண்டு 8.2 மி.மீ. மாற்றப்படாத பழைய குழலில் பெரிய குண்டைச் சுடக்கூடாது. இந்தப் பயத்தினாலேயே அமெரிக்க நிறுவனங்கள் இந்தத் தோட்டாவில் மருந்தைக் குறைத்துத்தான் நிரப்புகின்றன. அதை வைத்து மவுசரைச் சுட்டுவிட்டு 'அமெரிக்காவின் .30-06 தோட்டா மாதிரி வலுவில்லை' என்றால் அது மவுசரின் குற்றமில்லை. இத்தாலியின் 6.5 கார்கானோவுக்கு மற்ற 6.5 குண்டுகளைவிடச் சற்றுப் பெரிய, 6.8 மி.மீ. குண்டு வேண்டும். சாதாரண 6.5 குண்டைச் சுட்டு அது சிதறுவதைப் பார்த்துத்தான் அந்தத் துப்பாக்கிக்குக் கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. லீ-என்ஃபீல்ட் குழல்களும் ஒன்றுக்கொன்று அகலத்தில் வேறுபடும். மென்மையான ஈய உருண்டையைக் குழலுக்குள் தட்டி ஓட்டி எடுத்து, மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்குப் பொருந்தும் குண்டை வாங்குங்கள். இந்த ஒரு வேலை செய்யும் நன்மையை வேறெந்த மாற்றமும் செய்யாது.

அடுத்தது ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா போய் நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம். இதை அளக்கத் தனிக் கேஜ்கள் இருக்கின்றன. சுடுவதற்கு முன் தெரிந்தவரிடம் அளக்கச் சொல்லுங்கள். நம்பர் 4-இல் இதைச் சரிசெய்ய 0 முதல் 3 வரை எண்ணிட்ட போல்ட் தலைகள் உண்டு. பூட்டு பின்னால் இருப்பதாலும் சேம்பர் தாராளமாகக் குடையப்பட்டிருப்பதாலும் .303 கூடுகள் நீளும். மறுபடி மருந்து நிரப்புகிறவர்கள், நுனி வளைத்த மெல்லிய கம்பியைக் கூட்டுக்குள் விட்டு அடிப்பக்கம் தடவிப் பார்க்க வேண்டும். சுற்றிலும் ஒரு பள்ளம் நெருடினால் அந்தக் கூட்டைத் தூக்கிப் போடுங்கள்.

சுடும்போது முன்கட்டைக்கு அடியில் மணல் மூட்டை, பின்கட்டைக்கும் ஒன்று, எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே இடத்தில். மூன்று குண்டு க்ரூப்பை நம்பாதீர்கள், அதிர்ஷ்டத்தில் சேரும். ஐந்து ஐந்தாகச் சில க்ரூப் போட்டுச் சராசரி பாருங்கள். க்ரூப்பைக் கோணத்தில் சொல்லும் அளவு மினிட், அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு; நூறு மீட்டரில் ஒரு மினிட் என்பது ஏறத்தாழ 2.9 செ.மீ. நல்ல நிலையில் இருக்கும் ராணுவ ரைஃபிள், திறந்த குறியில் 2 முதல் 4 மினிட்டுக்குள் போட்டால் அது நன்றாகவே சுடுகிறது என்று அர்த்தம். குழல் சூடாகும்போது மரக்கட்டை அதை ஒரு பக்கம் அழுத்தி, குண்டுகள் மெல்ல ஒரே திசையில் நகர ஆரம்பிக்கும். முக்கியமாக லீ-என்ஃபீல்டில் முன்கட்டையின் பொருத்தம் இதைத் தீர்மானிக்கிறது. நகர்வு தெரிந்தால் துப்பாக்கியை ஆறவிடுங்கள், அல்லது கட்டையின் பொருத்தத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், வாயை இலக்குப் பக்கமே வைத்து ஒரு நிமிடமாவது காத்திருங்கள். பழைய மருந்து தாமதமாக வெடிப்பதுண்டு. கண்ணாடி, காதடைப்பு இல்லாமல் இந்த வயதான துப்பாக்கிகளுக்கு அருகில் நிற்கவே வேண்டாம்.

ராணுவக் கிடங்கிலிருந்து வந்த பழைய தோட்டா என்றால் அன்றைக்கே கழுவ வேண்டும். பிரைமரில் (ஊசி அடித்ததும் முதலில் தீப்பற்றும் தோட்டாவின் அடிப்பகுதி) இருக்கும் பொட்டாசியம் குளோரேட் எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகக் குழலுக்குள் படியும். அது காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரித்துவிடும். எண்ணெயில் உப்பு கரையாது. எண்ணெய் பூசிவிட்டுப் போனால் உப்பை மூடி வைத்ததுதான் மிச்சம். சேம்பர் பக்கமிருந்து வெந்நீர் ஊற்றி, துடைத்து, நன்றாக உலரவிட்டு, அப்புறம் எண்ணெய் பூசுங்கள். போல்ட்டின் முகத்தையும் மறக்காதீர்கள்.

என் தீர்ப்பு இது: போருக்கு ஒன்றைத் தூக்கிப் போக வேண்டிய அந்தக் காலத்துச் சிப்பாயாக இருந்தால் நம்பர் 4 லீ-என்ஃபீல்டைக் கேட்பேன், அதன் வேகத்துக்காகவும் குறிகளுக்காகவும். இயந்திரமாக எடுத்துப் பார்த்தால் மவுசர் 98-ஐ மிஞ்ச ஆளில்லை. நிதானமாக உட்கார்ந்து இலக்கில் சுடுவதற்கு சுவீடனின் எம்96. ஒரே நாளில் எல்லாவற்றையும் சுடப்போகிறீர்கள் என்றால் அதிலிருந்தே தொடங்குங்கள், பிறகு .303, அப்புறம் மவுசர். குட்டைக் குழல் மோசின் கார்பைன் இருந்தால் அதைக் கடைசியில் வையுங்கள். அதன் உதையும் சத்தமும் ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால் விசையை இழுக்கும் முன்பே தோள் சிலிர்க்க ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு எந்தத் துப்பாக்கியில் போட்ட க்ரூப்பையும் ஒப்பீட்டுக்கு எடுக்க முடியாது.